ஒரு டம்ளர் கடல்

குலுக்காதீங்க சார், குலுக்காதீங்க! அப்படியே மேஜை மேல வைங்க. குலுக்கினா உள்ள காத்து கலந்துடும், அப்புறம் நம்பர் பொய் சொல்லும். அதுக்குத்தான் போன்ல அவ்ளோ சொன்னேன், பாட்டில கழுத்து வரைக்கும் ரொப்பி தண்ணிக்குள்ளயே வச்சு மூடுங்கன்னு. ம், நல்லாத்தான் ரொப்பிருக்கீங்க. சொன்னத அப்படியே செய்யறவங்க கம்மி சார். போன வாரம் ஒருத்தர் ஜாம் பாட்டில்ல கொண்டு வந்தாரு. கழுவினாராம். தண்ணி மேல ஒரு எறும்பு மிதக்குது.

இருங்க, மீட்டரக் கழுவிடறேன்.

இது நிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஆடிட்டேதான் இருக்கும், கடைசி நம்பர் ஒரு நிமிஷம் அசையாம நின்னாத்தான் கணக்கு. எத்தன மணிக்கு எடுத்தீங்க? ஆறு மணியா? மீன் தொட்டி விளக்கு போடறதுக்கு முன்னாடியா? சரி, அதான் வேணும். ராத்திரி பூரா என்ன நடந்துச்சோ அது இந்தத் தண்ணில இருக்கும்.

ஏழு புள்ளி ஏழு நாலு.

கொறச்சல்தான். எட்டுக்கு மேல இருக்கணும். எட்டு ஒண்ணு, எட்டு ரெண்டுன்னா கடல் மாதிரி. ஆனா மொகத்த அப்படி வச்சுக்காதீங்க, ஒண்ணும் செத்துடாது. ஏழு ஏழுலயே வருஷக்கணக்கா இருக்கற பவளத்த நான் பாத்திருக்கேன். வளர்றது மெதுவாகும், அவ்ளோதான். நான் வேலை பாக்கறது ரத்தப் பரிசோதனைக் கூடத்துல. அங்கயும் இதே பி.எச்.தான் பாக்கறோம், மனுஷ ரத்தத்துல. அது ஏழு நாலு. அங்க கொஞ்சம் இறங்கினா டாக்டர் ஓடி வரணும். மீனுக்கெல்லாம் அவ்ளோ அவசரம் கெடையாது. இந்த விஷயத்துல மீன் நம்மள விடப் பொறுமசாலி.

பொடி போட்டீங்களா? பி.எச். ஏத்தற பொடி, கடைக்காரர் குடுத்திருப்பாரே. எத்தன நாளா? ரெண்டு வாரமா! போட்டதும் ஒரு மணி நேரம் ஏறும், சாயந்தரம் பாத்தா பழைய எடத்துல வந்து உக்காந்திருக்கும். அதானே? நிறுத்துங்க சார் மொதல்ல. நானும் ரெண்டு மாசம் போட்டேன். நம்பரத் துரத்தித் துரத்தி, விரல் விரலா நீட்டிட்டு நின்ன ஒரு பவளத்த வெளுத்து எலும்பாக்கிட்டேன். அந்தா, என் தொட்டில பின்னாடி வெள்ளையா நிக்குதே, அதான். எடுத்துப் போட மனசு வரல.

இப்ப ஒரு சின்ன சோதன பண்ணுவோம். உங்க தண்ணிய இந்த டம்ளர்ல ஊத்தி, ஜன்னலுக்கு வெளிய இந்தத் திட்டு மேல வைக்கறேன். சின்னக் காத்து மோட்டார் இருக்கு. காத்து விடற கல்ல உள்ள போட்டாச்சு. கொப்புளம் வருதா? வருது. வெளிக்காத்து ஒரு மணி நேரம் இதுக்குள்ள போகட்டும். அப்புறம் அளப்போம். ஏறலன்னா தண்ணில கோளாறு, வேற வைத்தியம் பாக்கணும். ஏறிச்சுன்னா தண்ணி நல்ல தண்ணி. கோளாறு உங்க வீட்டுக் காத்துல.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இவ, என் வீட்டுக்காரி, வெளிய போயிருக்கா, வர நேரந்தான். டீ அவ வந்தாத்தான். நான் போட்டா நீங்க அதுக்கும் பி.எச். பாக்கச் சொல்வீங்க.

தொட்டி எந்த ரூம்ல வச்சிருக்கீங்க? ஹால்ல. ராத்திரி ஜன்னல மூடிடுவீங்களா? தெரு சத்தமா. சரி. அங்க யாராவது படுக்கறாங்களா?

அம்மாவா.

எத்தன வருஷமா அங்க படுக்கறாங்க? இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். எம்பத்து மூணா! நடமாட்டம் இருக்கா? கைக்கம்போட. பரவால்ல. தொட்டியப் பாப்பாங்களா? தூக்கம் வராதப்ப பாத்துகிட்டு இருப்பாங்களா. ம்.

ம்.

இல்ல சார், வேற ஏதோ யோசன.

காத்துன்னு சொன்னேனே, அது என்னன்னா, மூடின ரூம். மனுஷன் மூச்சு விடறான். விடற மூச்சுல ஒரு வாயு இருக்கு, சோடாவுல கொப்புளமா வருதே, அதே வாயு. சோடா ஏன் லேசாப் புளிக்குது? அதனாலதான். ரூம்ல அது சேரச் சேரத் தண்ணில கரையும். தண்ணி புளிப்புப் பக்கமா சாயும், நம்பர் இறங்கும். நீங்க பொடி போட்டா ஏத்தி விடலாம், ஆனா காத்து மாறாத வரைக்கும் அது திரும்பத் திரும்ப இறங்கத்தான் செய்யும். இது எனக்கு யாரும் சொல்லித் தரல. நானா கண்டுபுடிச்சேன். அதான் வினை.

என் மாமனார் இங்கதான் இருந்தாரு. இதே ஹால்ல, நீங்க உக்காந்திருக்கீங்களே அங்கதான் கட்டில். ரெண்டு வருஷம். பெரிய ஆபீஸ் ஒண்ணுல லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தவரு. முப்பத்தாறு வருஷம். மனுஷன் சும்மா இருக்க மாட்டாரு. தொட்டில ஒவ்வொண்ணுக்கும் பதவி குடுத்து வச்சிருந்தாரு. அந்த ஆரஞ்சு ஜோடி மேனேஜரும் டைப்பிஸ்டும். கல்லச் சொரண்டிச் சொரண்டித் தின்னுதே அந்த நத்தை, அது ப்யூன். மீன் மேல வந்தா, மேல போறவங்க வாங்க வாங்கம்பாரு, லிஃப்ட்ல சொல்ற குரல்லயே. நான் வேலைலேர்ந்து வந்து சட்ட கழட்டறதுக்குள்ள அன்னிக்கு தொட்டில நடந்த வம்பு எல்லாம் வந்துடும். மாப்ள, டைப்பிஸ்டு இன்னிக்கு மேனேஜரக் கடிச்சுட்டா, என்ன விவகாரம்னு தெரியல.

இல்ல, இப்ப இல்ல. தவறிட்டாரு. எட்டு மாசம் ஆச்சு. இங்க இல்ல, சின்னவ வீட்ல. என் மச்சினி. இங்கேர்ந்து கோவிச்சுகிட்டு போனாருன்னு இவ சொல்லுவா. பாத்ரூம் குழாயத் தெறந்து விட்டுட்டு மறந்துடுவாரு, ஒரு நாள் தண்ணி வழிஞ்சு இந்த ஹால் வரைக்கும் வந்துடுச்சு. இவ கத்திட்டா. எத்தன தடவப்பா சொல்றது, சின்னப் புள்ளையா நீங்கன்னு. நாலு நாள் கழிச்சு பையக் கட்டிட்டாரு. அந்தக் குழாய்க்காக எங்கப்பாவ வெரட்டிட்டேன்னு இவ இன்னும் அழுவா. நல்லாத்தான் பேசிட்டிருப்பா, திடீர்னு பாத்ரூம்லேர்ந்து வர்றப்ப மொகம் மாறியிருக்கும்.

இருங்க, இருபது நிமிஷம் ஆச்சு. ஒரு தடவ பாப்போம்.

ஏழு ஒம்பது ஒண்ணு. பாத்தீங்களா! ஏறுது. இன்னும் விடணும், ஆனா விஷயம் தெரிஞ்சு போச்சு. தண்ணில ஒண்ணுமில்ல. வீட்டுக் காத்துதான்.

என்ன சொன்னீங்க?

உள் ரூம்லயா.

இல்ல சார். தப்பா ஒண்ணும் சொல்லல நீங்க. யாரா இருந்தாலும் மொதல்ல அதான் தோணும். அம்மா உள்ள படுத்தா ஹால்ல நம்பர் ஏறும். ஏறும் சார், கட்டாயம் ஏறும். அதுல சந்தேகமே இல்ல. எனக்கு ஏறிச்சு.

மாமனார் ஒரு தடவ சின்னவ வீட்டுக்கு நாலு நாள் போனாரு. நான் நோட்டுல தினம் காலைலயும் சாயந்தரமும் எழுதி வைப்பேன், லேப் பழக்கம். அந்த நாலு நாளும் எட்டு, எட்டு பூஜ்யம் அஞ்சு, எட்டு பூஜ்யம் ஒம்பதுன்னு ஏறுது. அஞ்சாம் நாள் அவரு வந்தாரு. மறுநாள் காலைல ஏழு ஏழு. ஆள் போனா ஏறுது, ஆள் வந்தா இறங்குது. எங்க கூடத்துல இந்த மாதிரி ஒரு ரிசல்ட் வந்தா எல்லாரையும் கூப்ட்டுக் காட்டுவோம். நாங்க ஆளப் பாக்கறது இல்ல சார், ட்யூப் மேல ஒட்டின நம்பரத்தான் பாப்போம். இருவது வருஷமா அப்படி.

பின்னாடி ஒரு ரூம் இருக்கு. பழைய பெட்டி, இஸ்திரி மேஜை எல்லாம் போட்டு வச்சிருந்தோம். ஜன்னல் இருக்கு, தெறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு. அவரு கிட்ட போய், மாமா, தொட்டிப் பக்கம் ஈரக்காத்து, உங்க இருமலுக்கு ஆகாது, பின் ரூமத் தயார் பண்ணித் தர்றேன்னேன். பொய்னு சொல்ல முடியாது. இருமல் இருந்துச்சு. ஈரமும் இருந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தந்தான் இல்ல. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? நாலுக்கு நாலு பெட்டிக்குள்ள நாப்பது வருஷம் நின்னவன் மாப்ள, எனக்கு அது பங்களான்னாரு. தலகாணிய அவரே கக்கத்துல இடுக்கிட்டு நடந்தாரு. கட்டில நான் இழுத்தேன்.

மறுநாள் காலைல எட்டு புள்ளி பூஜ்யம் எட்டு. அன்னிக்கு நான் விசில் அடிச்சுகிட்டு வேலைக்குப் போனேன் சார். ஒரே வாரத்துல பவளமெல்லாம் நுனில வெள்ளையாத் துளிர் விடுது. நிஜமாவே அழகா இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அது வேற பொய்.

அவரு தினம் காலைல வந்து கேப்பாரு, இன்னிக்கு எவ்ளோ மாப்ள? எட்டு ஒண்ணு மாமா. ஏறுதா, ஏறட்டும் ஏறட்டும். அவ்ளோ சந்தோஷப்படுவாரு. ஏன் ஏறுதுன்னு அவருக்குத் தெரியாதுன்னுதான் நான் நெனச்சுகிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் போன். எனக்குப் பவளம் குடுக்கற ஒருத்தர் இருக்காரு, மெக்கானிக், வீடு பூரா தொட்டி. அவர்கிட்ட பீத்திக்கறேன். அண்ணே, காரணத்தக் கண்டுபுடிச்சுட்டேன், எல்லாம் என் மாமனார் மூச்சுதான். கிழவர் ராத்திரி பூரா ஊதித் தள்ளித் தண்ணியக் கெடுத்துகிட்டு இருந்திருக்காரு, பார்சல் பண்ணிப் பின் ரூமுக்கு அனுப்பிட்டேன். அந்தப் பக்கம் அவரும் சிரிக்கறாரு, இந்தப் பக்கம் நானும் சிரிக்கறேன். போன வச்சுட்டுத் திரும்பினா, நடைல அவரு நிக்கறாரு. கைல தண்ணி டம்ளர். கேட்டாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மின்சார பில் வந்துச்சா மாப்ளன்னு ஏதோ கேட்டாரு. வரல மாமான்னேன்.

மறுநாள் சாயந்தரம் நான் இங்க உக்காந்து மீனுக்குத் தீனி போட்டுட்டு இருக்கேன். அவரு வந்தாரு. உள்ள வரல. அந்த நிலப்படில நின்னுட்டாரு. துண்ட எடுத்து வாய், மூக்கு ரெண்டையும் பொத்தி இருக்காரு.

என்ன மாமா, பல்வலியான்னு கேட்டேன். ஆமா மாப்ள, லேசான்னாரு. அவருக்குப் பல்லே கெடையாது சார்.

அன்னிலேர்ந்து தினமும் அப்படித்தான். நிலப்படி தாண்ட மாட்டாரு. அங்கேர்ந்து இங்க ஏழு அடி இருக்கும், கண் வேற மங்கல். துண்டுக்குள்ளேர்ந்தே கேப்பாரு, மேனேஜர் எங்க, காணோமேன்னு. இந்தா கல்லுக்குப் பின்னாடி இருக்காரு மாமாம்பேன். சரி சரின்னு தலையாட்டுவாரு. பாத்தாரா இல்லையா, தெரியாது. உள்ள போயி துண்ட எடுத்துட்டு ஒரு பெருமூச்சு விடுவாரு, அது இங்க வரைக்கும் கேக்கும்.

ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். மாமா, பகல்ல ஜன்னல் தெறந்துதான் இருக்கு, நீங்க பத்து நிமிஷம் உக்காந்து பாத்தா ஒண்ணும் ஆயிடாது, வாங்கன்னு. வாய் வரல. சொன்னா, அவரு ஏன் மூடறாருன்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும். தெரியும்னு ஆனா, அந்தப் போன் பேச்சப் பத்திப் பேசற மாதிரி ஆயிடும்.

வாய் வரலைங்கறது கூட சரி சார். மனுஷன்னா அப்படித்தான்னு விட்டுடலாம். ஆனா மொத நாள், அவரு துண்டோட நின்னுட்டு உள்ள போனாரு இல்ல, போனதும் நான் என்ன பண்ணேன்? மீட்டரப் பாத்தேன். முந்தின நாள் எட்டு பத்து, அன்னிக்கு எட்டு பதினொண்ணு. துண்டாலயா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். நோட்டுல எழுதிட்டேன்.

அந்தப் பக்கத்த நான் கிழிக்கல. இருக்கு.

அதுக்கு அப்புறந்தான் அந்தக் குழாய் விவகாரம். அவரு பைய எடுத்துட்டுக் கெளம்பறாரு, இவ வாசல்ல நின்னு, நான் ஏதோ கோவத்துல சொல்லிட்டேம்ப்பான்னு கையப் புடிச்சுக்கறா. அவரு சிரிக்கறாரு. போடி, உன் தங்கச்சி வீட்ல லிஃப்ட் இருக்கு, நாப்பது வருஷமா அடுத்தவன ஏத்தி எறக்கினேன், இப்ப யாராவது என்ன ஏத்தி எறக்கட்டும்னாரு. முப்பத்தாற அவரு எப்பவும் நாப்பதுன்னுதான் சொல்வாரு. என்னப் பாத்து, மாப்ள, ப்யூனப் பாத்துக்குங்க, பாவம் அவன் ஒருத்தந்தான் வேலை செய்யறான்னாரு. அவ்ளோதான். அஞ்சு மாசம் இருந்தாரு அங்க. தூக்கத்துல போயிட்டாரு. மச்சினி சொல்லுவா, ஹால்லதான் படுப்பாராம், ஜன்னல் பக்கமா.

இவ அழறப்பெல்லாம் நான் என்ன சொல்றேன்னா, விடு, வயசானவங்க சட்டுனு கோவிச்சுக்குவாங்க, நீ வேணும்னேவா சொன்னன்னு. ஆறுதல் சொல்றேனாம். அவ தலைல இருக்கறத எறக்கி வைக்கற மாதிரி பேசிகிட்டே இன்னும் அழுத்தி வைக்கறேன். அவளும், நீங்க எவ்ளோ பொறுமையா இருந்தீங்க எங்கப்பா கிட்டன்னுவா.

உங்க டம்ளர மறந்தே போயிட்டோம். இருங்க.

எட்டு ஒண்ணு மூணு. நிக்குது, அசையல. நல்ல தண்ணி சார் உங்களது. பொடியத் தூக்கிப் போடுங்க.

அம்மா கட்டில நகத்த வேணாம். கேட்டுக்குங்க, நகத்தவே வேணாம். உங்க தொட்டில நுரை தள்ற மெஷின் இருக்கு இல்ல, ஸ்கிம்மர்? அது ரூம் காத்தத்தான் இழுத்துத் தண்ணில கலக்குது. அது காத்து இழுக்கற வாய்ல ஒரு ரப்பர் குழாயச் சொருகி, இன்னொரு முனைய ஜன்னலுக்கு வெளிய விட்டுடுங்க. அவ்ளோதான். உள்ள யாரு எவ்ளோ மூச்சு விட்டாலும் தொட்டி வெளிக்காத்த இழுத்துக்கும். அங்க பாருங்க, என் ஜன்னல் மூலைல ஓட்ட போட்டு விட்டிருக்கேன். ரெண்டு மீட்டர் குழாய். பத்து நிமிஷ வேலை. அவரு தவறி, எல்லாம் முடிஞ்சு, வீட்டுக்கு வந்த ஞாயித்துக் கெழமை மாட்டினேன். அன்னியிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் இந்த ஹால்லதான் படுக்கறோம். நம்பர் எட்டு ரெண்டுக்குக் கீழ இறங்கினதே இல்ல.

அப்பவா? அப்பவே இந்தக் குழாய் விஷயம் தெரியும் சார். அந்த மெக்கானிக் அன்னிக்குப் போன்லயே சொன்னாரு. ஏம்ப்பா, பெரியவர ஏன் நகத்தற, ஒரு குழாய வெளிய விடு, சரியாப் போயிடும்னாரு. சிரிப்பு எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னாரு. நான் சரிண்ணேன்னேன். அப்பத்தான் இந்த ஜன்னல் புதுசா மாட்டியிருந்தோம். ஃப்ரேமு வெள்ளையா, ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. ஓட்ட போட மனசு வரல.

படிக்கட்டுல சத்தம் கேக்குது, இவதான்னு நெனக்கறேன். உங்க ஜன்னலுக்கும் தொட்டிக்கும் எவ்ளோ தூரம் இருக்கும்? ஆறடியா? அப்பன்னா ரெண்டு மீட்டர் போதும், கொஞ்சம் தாராளமாவே வெட்டறேன். மீதிக் குழாய் கெடக்குது, எடுத்துட்டுப் போங்க.

வா வா. சார் தண்ணி காட்ட வந்தாரு. இல்ல, ஒண்ணுமில்ல, தண்ணி நல்லாத்தான் இருக்கு. அவங்க அம்மா ஹால்ல படுக்கறாங்களாம், அதுக்கு ஒரு குழாய் விடணும். ரெண்டு டீ போடேன்.

இருங்க சார், ரொம்ப நாள் கெடந்த குழாய், உள்ள தூசி இருக்கும். ஊதிப் பாத்துடறேன்.

ம். போகுது. இந்தாங்க.